எட்டரை மணிக்குப் பூஜ்யம்

என் வீட்டுக்காரரை அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கால்மணி என்பார்கள். மேலாளர்கூடக் கோபம் வந்தால்தான் "சார்" போடுவார். மலைப்பக்கம் பதினாலு இடங்களில் மழைமானி நட்டிருக்கிறார்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை அவை எவ்வளவு மழை பெய்தது என்று தலைமை அலுவலகத்துக்குச் சொல்லும். தலைமை அலுவலகம் அதை வரி வரியாக எங்கள் நகர வடிகால் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கும். அந்த வரிகளைப் பிடித்து, வெட்டி, மனிதர்கள் படிக்கிற மாதிரி ஆக்குவதுதான் இவருடைய வேலை. பத்தொன்பது வருடம் அதையே பார்த்ததில் உடம்பும் அந்தக் கணக்கிலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. "சாப்பிட வரீங்களா" என்று கேட்டால் "இன்னும் ரெண்டு கால்மணி" என்பார். அரை மணி என்று ஒரு வார்த்தை இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

எங்கள் தலையில் இடி விழுந்ததைச் சொல்வதற்கு முன்னால் இந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கடைசியில் நீங்களும் மற்றவர்களைப் போல நம்பமாட்டீர்கள். என் தம்பி சிறையில் இருக்கிறான். அவன் செய்யாத தப்புக்கு இருக்கிறான். தப்பு என் வீட்டுக்காரருடையது, அதை அவரே போய்ச் சொல்லியும் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இருக்கட்டும், இதற்குக் கோபப்படாமல் வேறு எதற்குப் படுவதாம்.

அவருக்குப் பொய் வராது. நல்லவர் என்பதற்காகச் சொல்லவில்லை, அதற்கு வேண்டிய சாமர்த்தியம் அவரிடம் கிடையாது. நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க நின்று கால் வீங்கி வீட்டுக்கு வந்து, "இந்தப் புடவை நல்லாருக்கா" என்று கேட்டால், "போன வாரம் கட்டினது இதவிட நல்லாருந்தது" என்று பதில் வரும். பக்கத்து வீட்டில் இருந்து கடன் கேட்டு ஆள் வந்து, "பணம் இல்லைன்னு சொல்லுங்க" என்று நான் உள்ளேயிருந்து சைகை காட்டினால், இவரே வாசலுக்குப் போய், "பணம் இல்லைன்னு சொல்லச் சொல்றாங்க" என்று நிற்பார். இப்படி ஒருவரோடு குடும்பம் நடத்தி நான் என் மானத்தைப் பலமுறை விட்டிருக்கிறேன்.

ஆரம்பத்தில் மழைமானிக் கணக்கெல்லாம் தொலைபேசியில் வந்துகொண்டிருந்தது. அங்கிருந்து ஒருவர் வாசிப்பார், இங்கே இவர் எழுதுவார். பிறகு கணினி வந்தது. அலுவலகத்தில் அதைத் தொட ஆளில்லை. இவர் மட்டும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதன் முன்னால் உட்கார்ந்து ஷெல் ஸ்கிரிப்ட் என்ற ஒன்றை எழுதப் பழகினார். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கணினி என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதிக் கொடுக்கிற சீட்டு, அவ்வளவுதான். வந்த வரியை எடு. இந்த இடத்தில் வெட்டு. மணியைத் தனியாக எடு, நிமிடத்தைத் தனியாக எடு. மணியை அறுபதால் பெருக்கி நிமிடத்தைக் கூட்டு. முன்பு வந்ததைவிட இது புதியதா என்று பார். புதியதென்றால் திரையில் எண்ணை மாற்று. இப்படி இருநூற்றுச் சொச்சம் வரிகள். வருடக்கணக்காக அதைத் திருத்தித் திருத்தி, பிள்ளை வளர்க்கிற மாதிரி வளர்த்தார்.

அதற்கு நகல் எடுத்து வைக்கிற வழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது. "நாலு நகல் வெச்சா எது கடைசின்னு நாளைக்கு எனக்கே தெரியாதும்மா. ஒரே ஃபைல் இருந்தா அதுதான் நெசம்," என்பார். நானும் தலையாட்டியிருக்கிறேன். அந்த நாளில் எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

அந்தச் சீட்டில் அவருக்குப் பிடிக்காமல் எழுதின இடங்கள் மூன்று உண்டு. மூன்றும் மேலாளர் சொல்லி எழுதினவை. வரி ஏதாவது கோளாறாக வந்தால் கணினி ஒரு பிழைச் செய்தி அனுப்பும். மேலாளருக்கும் ஒன்று போகும். "காலைல வந்து பொட்டியத் தெறந்தா இதான் கெடக்கு, நிறுத்துய்யா," என்றார் அவர். பிழைச் செய்திகள் குப்பைக்குப் போகும்படி இவர் மாற்றினார். அடுத்து, வரி படிக்க முடியாதபோது திரையில் அந்த இடம் வெறுமையாகத் தெரியும். "காலியா இருந்தா மேலேர்ந்து கேள்வி வரும், கடைசியா வந்த நம்பரையே காட்டு," என்றார். காட்டினார். மூன்றாவது, தலைமை அலுவலகத்து வரி வந்துசேரப் பத்து நிமிடம் ஆவதால், திரையின் மேல்பக்கம் காட்டிய நேரம் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியிருக்கும். "பாக்குறவன் சிஸ்டம் நின்னுபோச்சுன்னு நெனைப்பான், கடிகார நேரத்தப் போடு," என்றார். அதையும் போட்டார். அன்று வீட்டுக்கு வந்து, "மழைய அளந்த நேரம் வேற, தெரையில இருக்குற நேரம் வேறன்னு ஆயிடுச்சு," என்று என்னிடம் சலித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. பழைய மாத்திரை அட்டையில் இன்றைய தேதியை ஒட்டி விற்கிற மாதிரி இல்லையா என்று நான் கேட்டேன். "அந்த மாதிரிதான்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

இனி என் தம்பி. எனக்கு ஒன்பது வயது இளையவன். அவனை நான்தான் தூக்கி வளர்த்தேன். படிப்பு மண்டையில் ஏறவில்லை, கை வேலையில் கெட்டிக்காரன். இவர்தான் சொல்லி அவனை வடிகால் பிரிவில் சேர்த்துவிட்டார். ஆறு வருடத்தில் மேற்பார்வையாளர் ஆனான். ஊருக்கு அடியில் மலைத் தண்ணீர் போவதற்கென்று ஒரு பெரிய வடிகால் இருக்கிறது. லாரி போகிற அகலம். மழையில்லாத நாட்களில் ஆட்கள் உள்ளே இறங்கி வண்டல் அள்ளுவார்கள். மலையில் மழை பெய்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் தண்ணீர் அங்கே வந்துவிடும். அதனால் வடிகால் வாயில் இருக்கும் சின்ன அறையில் ஒரு திரை மாட்டியிருந்தார்கள். மேலே நேரம், கீழே மலையில் பெய்த மழை. பூஜ்யம் இருந்தால்தான் ஆள் இறங்கலாம். என் தம்பி நிமிர்ந்து பார்த்து, அந்த நேரத்தையும் அந்த எண்ணையும் அனுமதிச் சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான். "மாமா போடுற நம்பர்ல கைய வெச்சுத்தான் நான் கையெழுத்துப் போடுறேன்," என்று பெருமையாகச் சொல்வான். அவனுக்கு அவர் என்றால் உயிர்.

அந்த நாள் காலை இங்கே வெயில் அடித்தது. எட்டரைக்கு என் தம்பி சீட்டு எழுதினான். நேரம் எட்டரை, மழை பூஜ்யம். இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவரை எல்லாரும் நெட்டை என்பார்கள், அந்தப் பிரிவிலேயே பழைய ஆள். இன்னொருவருக்குக் கல்யாணமாகி நாலு மாதம். ஒன்பது பத்துக்குத் தண்ணீர் வந்தது. கயிறு போட்டார்கள், எட்டவில்லை. மதியம் ஆற்றில் கலக்கிற இடத்துக் கம்பியில் இரண்டு பேரையும் எடுத்தார்கள்.

தலைமை அலுவலகத்துக் கணக்கை வரவழைத்துப் பார்த்தார்கள். மலையில் மழை தொடங்கியது ஏழு ஐம்பதுக்கு. எட்டேகாலுக்கு இருபத்திரண்டு மில்லிமீட்டர், எட்டரைக்கு நாற்பத்தொன்று. அப்படியிருக்க இவன் சீட்டில் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறான். திரையில் பூஜ்யம்தான் இருந்தது என்றான் இவன். திரை கால்மணிக்கு ஒருமுறை மாறிவிடும், பழையது எங்கும் தங்காது. மதியம் இரண்டு மணிக்கு விசாரணை அதிகாரி வந்து, எல்லார் கண் முன்னாலும் இவரை அந்தத் திரையை ஓட்டிக் காட்டச் சொன்னார். எல்லாம் சரியாக ஓடியது. "சீட்டு எழுதினவர் ஒவ்வொரு நாளும் பூஜ்யம்தான் எழுதறாரு, அன்னைக்கும் பாக்காம பழக்கத்துல எழுதிட்டாரு," என்று முடித்தார்கள். சாயங்காலம் என் தம்பியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மறுநாள் பார்க்கப் போனபோது, "அக்கா, பாத்தேன். சத்தியமா பாத்தேன். பூஜ்யம்தான் இருந்தது," என்று கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு கத்தினான். வீட்டுக்கு வந்து அதை இவரிடம் சொன்னேன். "உங்க தெரையில கோளாறு இருக்காதா" என்று கேட்டேன். கேட்டேன் என்ன, சண்டையே போட்டேன். "ரெண்டு மணிக்கு ஓட்டிப் பாத்தாச்சு, சரியாத்தான் ஓடுது. அவன் பொய் சொல்லமாட்டான்னும் எனக்குத் தெரியும். ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்கும்," என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தினமும் அலுவலகத்தில் இருந்து வந்ததும் ஒரு பழைய மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு, தன் கணினிச் சீட்டை வரி வரியாக நினைவில் இருந்தே அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து நான் மறுநாளைக்கு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். "ஏம்மா, இங்க வா," என்றார். குரலே சரியில்லை. கத்தியோடு போனேன்.

விபத்து நடந்த அன்று தலைமை அலுவலகம் அனுப்பிய வரிகளை ஒவ்வொன்றாக அடித்துக் காட்டினார். ஏழே முக்கால் வரி. கணக்குப் போட்டது. பத்து மணி வரி. போட்டது. எட்டேகால் வரியை அடித்தார். இந்த எண் செல்லாது என்கிற மாதிரி ஒரு வரியைத் துப்பிவிட்டு நின்றது. எட்டரை, அதே. ஒன்பதரை, அதே.

"இது என்ன கூத்து. எட்டுன்னா எட்டுதானே," என்றேன்.

"முன்னாடி அவங்க வெறும் எட்டுன்னு அனுப்புவாங்க. பதினோரு மாசம் முன்னாடி மாத்தினாங்க, ஞாபகம் இருக்கா. பூஜ்யம் எட்டுன்னு ரெண்டு எழுத்தா வர ஆரம்பிச்சுது. முன்னால பூஜ்யம் இருந்தா இது வேற ஒரு பழைய கணக்குல படிக்கும்மா. அந்தக் கணக்குல ஏழோட சரி. எட்டுங்குற எழுத்தே கெடையாது, ஒம்போதும் கெடையாது. ஏழு வரைக்கும் எந்தக் கணக்குல படிச்சாலும் ஒண்ணுதான், அதனால தப்பில்ல. பத்துலேர்ந்து முன்னால பூஜ்யம் இல்ல, அதுவும் தப்பில்ல. எட்டும் ஒம்போதும் மட்டும்தான். நாம எண்ணுற பத்துக் கணக்குலயே படின்னு மூணு எழுத்து சேத்திருக்கணும். நான் சேக்கல."

பதினோரு மாதமாகத் தினமும் காலை எட்டில் இருந்து பத்து வரை அந்தத் திரை ஏழே முக்கால் மணி எண்ணையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது, மேலே கடிகார நேரம் மட்டும் சரியாக ஓட. பிழைச் செய்தி குப்பைக்குப் போயிற்று. பத்து மணிக்குத் திரை தானாகச் சரியாகிவிடும். மலைக் கணக்கு நள்ளிரவில் இருந்து மொத்தமாகக் கூட்டி வருவதால் நாள் கணக்கிலும் குறை தெரியாது. மழை நாளில் யாரும் இறங்குவதில்லை, மழையில்லாத நாளில் பூஜ்யமும் பூஜ்யமும் ஒன்று. அந்த இரண்டெழுத்துக்குத் தோதாக இவர் சீட்டை மாற்றி எழுதிய அன்று மதியம் மூன்று மணிக்குச் சோதித்தார், மறுநாள் விடிகாலை ஆறரைக்குப் போய்த் திரும்பவும் சோதித்தார். எட்டு மணிக்கு மேலாளர் அறையில் தினசரிக் கூட்டம். பத்து மணி வரை எல்லாரும் அங்கேதான். அந்த இரண்டு மணி நேரம் அவர் தன் திரையைப் பார்க்கிற வழியே இல்லாமல் இருந்திருக்கிறது.

"ரெண்டு பேரும்மா," என்றார். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம்தான் தோன்றியது. நெட்டையும் நினைவுக்கு வரவில்லை, அந்தச் சின்னப் பையனின் பெண்டாட்டியும் வரவில்லை. என் தம்பி வெளியே வந்துவிடுவான் என்று வயிற்றில் பால் வார்த்தது. இவர் வேலை போகும், வழக்கு வரும், அதெல்லாம் பிறகுதான் உறைத்தது. உறைத்த பிறகும், "போய்ச் சொல்லிடுங்க" என்றுதான் சொன்னேன். அவர் என்னை ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்ட மாதிரி பார்த்தார். சொல்லாமல் இருக்கலாம் என்று ஒரு வழி இருப்பதே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

அவருடைய கவலை வேறாக இருந்தது. "நாளைக்கு வேலை திரும்ப ஆரம்பிக்கிறாங்க. எட்டரைக்கு ஆள் இறங்குறாங்க," என்றார். மேலாளருக்குப் போன் அடித்தார், எடுக்கவில்லை. நாலு தடவை அடித்தார். வடிகால் வாயில் புதிதாகப் போட்டிருந்த மேற்பார்வையாளரைப் பிடித்துச் சொன்னார். "எழுத்துல ஆர்டர் இல்லாம நான் வேலைய நிறுத்த முடியாது சார்," என்றான் அவன். திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கே கிளம்பிவிட்டார். ஆறு இருபதுக்கு அந்த மூன்று எழுத்தைச் சேர்த்து, எப்போதும் போல அதே கோப்பிலேயே சேமித்தார். எட்டு மணிக்குக் கூட்டத்துக்குப் போகாமல் திரைக்கு முன்னால் நின்றார். எட்டு மணி வரியை அது கோளாறில்லாமல் படித்தது. அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அங்கிருந்து நேராக விசாரணை அதிகாரியிடம் போனார்.

ஒரு நகல். திருத்துவதற்கு முன்னால் ஒரே ஒரு நகல் எடுத்து வைத்திருக்கலாம். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன், அதற்கு இரண்டு எழுத்துக் கட்டளை போதுமாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. பத்தொன்பது வருடத்துக் கைப்பழக்கம் என்கிறார். அந்தக் கையை என்ன செய்யலாம்.

அதிகாரி முன்னால் நடந்ததை அவர் வந்து என்னிடம் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

"இந்த ஃபைல் கடைசியா எப்ப திருத்தினது?"

"இன்னைக்குக் காலைல, ஆறு இருபதுக்கு."

"விசாரணை நடந்துக்கிட்டிருக்கு. யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க?"

"யார்கிட்டயும் இல்ல சார். எட்டரைக்கு ஆளுங்க இறங்க வேண்டியிருந்தது."

"பழைய ஃபைல் எங்க?"

"இல்ல சார். அதுலேயேதான் திருத்தினேன்."

"ஆபீஸ்ல பேக்கப் எடுப்பாங்களே."

"அந்த மெஷின் கெட்டுப்போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

இவர் அந்தப் பழைய வரியை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். கணினியிலும் அடித்துக் காட்டினார். அது பிழை என்று சொன்னதை அதிகாரியும் பார்த்தார். "இந்த வரி தப்புங்குறது சரி. ஆனா விபத்து நடந்த அன்னைக்கு இந்த வரிதான் உள்ள இருந்ததுங்குறதுக்கு என்ன சாட்சி?" என்று கேட்டார். மேலாளரைக் கூப்பிட்டார்கள். பிழைச் செய்தியை நிறுத்தச் சொன்னதாகத் தனக்கு ஞாபகம் இல்லை, தனக்கு இந்தத் தொழில்நுட்பமெல்லாம் தெரியாது என்று அவர் சுத்தமாகக் கை கழுவினார். அதிகாரி கடைசியாக ஒன்று கேட்டார்.

"கைதானவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"என் மனைவியோட தம்பி."

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார்.

இவர் விடவில்லை. பதிவறையில் பதினோரு மாத அனுமதிச் சீட்டுகளையும் எடுத்து, தலைமை அலுவலகத்துக் கணக்கோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் மழை தொடங்கின வேலை நாள் இன்னொன்று இருக்கத்தானே வேண்டும். பன்னிரண்டு நாள் தேடினார். ஒன்று கிடைத்தது. ஐந்து மாதம் முன்னால், ஒன்பதேகால் மணிச் சீட்டு, மழை பூஜ்யம். மலையில் அப்போது மூன்று மில்லிமீட்டர். வெறும் தூறல், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அதிகாரி அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையெழுத்து என் தம்பியுடையது.

"அப்ப இவர் பாக்காம எழுதறது இது முதல் தடவ இல்ல," என்றார்.

அந்தச் சீட்டும் வழக்கில் சேர்ந்தது. இவர் கொண்டுபோய்க் கொடுத்ததாலேயே சேர்ந்தது.

நெட்டையின் வீட்டுக்கும் போனார். போகாதீங்க என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. வாசலிலேயே நின்று, தப்பு தன்னுடையது என்று நெட்டையின் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "நீங்க எல்லாரும் ஒரே வீட்டு ஆளுங்கதானே. உள்ள பேசி முடிவு பண்ணிக்கிட்டு வந்திருக்கீங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டது. நான் அந்த அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் கதவைச் சாத்துவதோடு விட்டிருக்கமாட்டேன்.

அனுமதியில்லாமல் கோப்பைத் திருத்தியதற்காக இவரைக் கணினிப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லி, காகிதமும் பேனாவும் எடுத்துக் கொடுக்கிற கிடங்கில் போட்டார்கள். சாட்சி என்று பெயர் சேர்ந்துவிட்டதால், வழக்கு முடிகிறவரை என் தம்பியைப் பார்க்க அவருக்கு அனுமதியில்லை. நான் மட்டும் வாரம் ஒருமுறை போய் வந்தேன். வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது, பக்கத்திலேயே காவலர் நிற்பார். சாப்பிட்டியா, தூங்கினியா, அவ்வளவுதான். இருந்தாலும் இடையில் அவனே ஏதாவது சொல்வான். முதல் மாதம், "பாத்தேன்க்கா" என்றான். இரண்டாம் மாதம், "பாத்தேன்னுதான் நெனைக்கிறேன்," என்றான். தினமும் யாராவது வந்து, பார்த்தாயா, எப்படிப் பார்த்தாய், எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். ஒரு நாள், "டெய்லி பாக்குறதுல அன்னைக்குப் பாத்தது எதுன்னு தனியா ஞாபகம் வர மாட்டேங்குது," என்றான். ஆறாவது மாதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான், அன்று காலை திரையைப் பார்க்கவில்லை என்று. நாலு வருடம் என்று தீர்ப்பு ஆனது.

தீர்ப்புக்கு அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து போனோம். இருபது நிமிடம் கொடுத்தார்கள். ஊர் முழுக்க நம்பாவிட்டால் போகட்டும், அவனுக்கு மட்டும் தெரிந்தால் போதும், தான் குற்றவாளி இல்லை என்ற ஒரு நினைப்பாவது இருந்தால் நாலு வருடத்தைத் தள்ளிவிடுவான் என்று முந்தின நாளே இவர் என்னிடம் சொல்லியிருந்தார். எனக்கும் அதுதான் ஒரே பிடிப்பாக இருந்தது.

தம்பி வந்து வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், கழுத்து இளைத்திருந்தது. "எப்டி இருக்கீங்க மாமா," என்றான்.

"மாப்ள, கேளு. நீ பாத்தே. எட்டரைக்குத் தெரையில பூஜ்யம்தான் இருந்தது. நீ எழுதினது சரி. தப்பு என்னோடது," என்று தொடங்கினார். பூஜ்யம் எட்டு என்று வருவதையும், அதைக் கணினி படிக்க முடியாததையும், பழைய எண் நின்றுபோனதையும், மேலே கடிகாரம் மட்டும் ஓடியதையும், நிறுத்தி நிறுத்தி, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். அவன் தலையைச் சாய்த்துக் கடைசி வரை கேட்டான். கண் கலங்கியிருந்தது. புரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

"போதும் மாமா," என்றான்.

"என்ன போதும்?"

"வக்கீல் எல்லாம் சொன்னாரு. நீங்க போய் அதிகாரிகிட்டப் பேசினது, சீட்டெல்லாம் தேடினது. எனக்காக வேலையவே தூக்கிக் குடுத்துட்டீங்க. வாழ்க்கைல ஒரு பொய் சொன்னதில்ல, எனக்காகச் சொல்லிட்டீங்க. அத நான் சாகுறவரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா என்கிட்டயுமா மாமா? நான் பாக்கல. எத்தன நாள் உக்காந்து யோசிச்சிருக்கேன். நிமிந்துகூடப் பாக்கல. அத ஒத்துக்குறதுக்கே எனக்கு ஆறு மாசம் ஆச்சு. திரும்ப என்னைக் கொழப்பாதீங்க."

இவருடைய இரண்டு கையும் வலையின் மேல் அப்படியே இருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

"டேய், நான் பாத்தேன்டா. என் கண்ணால பாத்தேன். ஏழே முக்கால் போட்டா எடுத்துக்குது, எட்டேகால் போட்டா எடுத்துக்க மாட்டேங்குது. முன்னால பூஜ்யம் வந்தா அதுக்கு எட்டும் கெடையாது, ஒம்போதும் கெடையாது. நான் பக்கத்துலயே நின்னேன்டா."

அவன் என்னைப் பார்த்தான். வழக்கு தொடங்கின நாளில் இருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தான்.

"நீயும் மனப்பாடம் பண்ணிட்டு வந்துட்டியாக்கா," என்றான்.